கனடாவுக்குப் போய்க் கரடியை மட்டும் பார்த்த அம்மா எழுதுவது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ துரொண்ட்ஹெய்மிலிருந்து கதைத்த கதைக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. என் வாயைப் பற்றி ஒஸ்லோவில் எங்கள் புருசெத் பகுதி முழுவதற்கும் தெரியும். ஆனால் அடுப்பில் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. அதோடு, வாயால் சொன்னால் நீ "அம்மா, ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று இடையில் வெட்டுவாய். கடிதத்தை யாரும் இடையில் வெட்ட முடியாது. சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் பனியில் சறுக்கிக்கொண்டு திரிய, உன்னை மட்டும் தரதரவென்று தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேனே, நிலக்கீழ் ரயிலில் இருந்த நோர்வேக் கிழவிகள் எல்லாம் என்னைப் பிள்ளை பிடிகாரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்களே, அதன் பலன் இன்றைக்கு உன் தலையில் விடிந்திருக்கிறது. முழுவதையும் வாசி. விளங்காத சொல் வந்தால் ஆரணியைக் கேள். கனடாவில் வளர்ந்தாலும் அவளுடைய தமிழ் உன்னுடையதைவிடத் திறம்.

முதலில் நீ கேட்டதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்ப்போம். வருகிற கோடையில் டொராண்டோவில் உனக்கும் ஆரணிக்கும் கலியாணம். அப்பா இல்லை. அப்பா இல்லாததால் நானும் அரைவாசி இல்லை. விதவை மணவறையில் நிற்கக்கூடாதாம். ஆகவே உன் தாய் தகப்பன் இடத்தில் டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிற பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்பது என்று என்னைக் கேட்காமலே முடிவாகி, எனக்கு மூன்றாம் வரிசையில் ஒரு கதிரையும் ஒதுக்கியாயிற்று. அதற்குள்ளே ஒரு குண்டு வெடித்தது. நான் போன மாதம் யாருக்கும் சொல்லாமல் கனடாவுக்குப் போய், ஒரு சின்னக் கப்பலில் ஏறி, காட்டில் கரடி பார்த்துவிட்டு, டொராண்டோப் பக்கம் தலை வைத்தும் படுக்காமல் ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டேன் என்பது தெரிந்துபோயிற்று. பெரியப்பா கொதிக்கிறார். சம்பந்தி வீட்டார் முகத்தில் அவர் எப்படி முழிப்பது? நான் ஏதோ ரகசிய வைத்தியத்துக்காக வந்ததாக, நானே என் வாயால், அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டுமாம். சொல்லாவிட்டால் மாப்பிள்ளைக்குத் தகப்பனாக அவர் நிற்கமாட்டாராம். நீயும் படித்த பிள்ளையாக அதை யோசித்துப் பார்த்து, நோர்வேக்காரருக்குப் பிடித்த, நடைமுறையாக என்று அர்த்தம் வருகிற அந்தச் சொல்லையும் போட்டு, "அம்மா, கொஞ்சம் பிராக்திஸ்கா யோசியுங்கோ. கால் வருத்தம் எண்டு சொன்னால் முடிஞ்சுது. ஒரு சின்னப் பொய்தானே" என்றாய்.

சொல்லமாட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் தபால் முத்திரைக்கு நியாயம் செய்யவேண்டும். அதோடு, அந்தக் கப்பலில் என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பா கேட்கவில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் கேட்டது. அது யார் என்று பிறகு சொல்கிறேன்.

பெரித்தை உனக்குத் தெரியும். முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு வேலை செய்கிறவள்; உன் மேல்படிப்பு முடிந்த அன்றைக்குப் பெரிய கேக் ஒன்றை நிலக்கீழ் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். அவளுக்கு ஒரு வியாதி இருக்கிறது, அது அநேகமாக எல்லா நோர்வேக்காரருக்கும் உள்ளதுதான். மழை பெய்தால் உடனே காட்டுக்குப் போகவேண்டும். போய் ஒரு ஈரக் கட்டையில் இருந்து, தோடம்பழம் உரித்துத் தின்று, "எவ்வளவு நல்ல காற்று" என்று சொல்லவேண்டும். இந்தப் பக்கத்துக் காடெல்லாம் காணாதென்று, கனடாவின் மேற்குக் கரையில் தெருவும் இல்லாத, ஊரும் இல்லாத ஒரு மழைக்காட்டுக்குள்ளே சின்னக் கப்பலில் போய் மிருகங்கள் பார்க்கிற பயணம் ஒன்றைத் தமக்கையோடு சேர்ந்து ஒழுங்குசெய்திருந்தாள். பனியில் சறுக்கித் தமக்கைக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கப்பலில் ஒரு படுக்கை வெறுமையாக இருந்தது. கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என்னை பெரித் நிமிர்ந்து பார்த்து, நீ வா என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கையில் இருந்த கிழங்கை உரித்து முடிக்கும் முன்பே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு நான் சொன்னது என்ன? பெரித்தோடு காட்டுக்குப் போகிறேன் என்றேன். அவளுடைய மரவீட்டுக்கோ என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். காடு என்பது உண்மை. எந்தக் கண்டத்துக் காடு என்று நீ கேட்கவில்லை. சரி, பொய்தான். ஆனால் அது என் பொய். எனக்காக நானே ஆற அமர இருந்து தயாரித்தது. நீங்கள் இப்போது சொல்லச் சொல்வது உங்களுடைய பொய். அதை என் வாயில் வைக்க வேண்டாம்.

கனடா என்பது எங்கள் சனத்துக்கு ஒரு நாடு அல்ல, தம்பி. அது சொந்தக்காரரின் வரவேற்பறைகள் வரிசையாக அடுக்கிய ஒரு நீளமான நடை. ஒரு அறையில் இருந்து எழும்பினால் அடுத்த அறையில் இருத்துவார்கள். ஒவ்வொன்றிலும் கலர்ச் சோடா, மிக்சர், யாரோ ஒருவரின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ. ஒரு வீட்டில் மற்ற வீட்டைவிட அரை மணித்தியாலம் கூட இருந்துவிட்டால் பத்து வருசத்துக்குக் கதை. நான் இறங்கிய வான்கூவரிலிருந்து டொராண்டோ, ஒஸ்லோவுக்குக் கெய்ரோ எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஆனால் பெரியப்பா, நான் அவருடைய படலையால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் போன மாதிரிக் கதைக்கிறார்.

அந்தக் கப்பலைக் கப்பல் என்பதே கொஞ்சம் கூட. நாங்கள் ஒரு டசின் பேர்கூட இல்லை. படுக்கை, அப்பாவின் பழைய கருவிப் பெட்டி அளவு. பெரித் குறட்டை விட்டால் என் தலையணை நடுங்கும். மழை என்றால் அது ஒஸ்லோ மழை இல்லை. அது அங்கேயே குடியிருக்கிற மழை. இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், அவற்றில் முழங்கை நீளத்துக்குப் பாசி தொங்கும். கப்பல் ஒரு ஒடுங்கின கடல் வாய்க்காலுக்குள்ளே நுழையும், மலை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும், திடீரென்று பக்கத்திலே ஒரு திமிங்கிலம் பெருமூச்சு விடும். மிகையில்லை, நல்லாய்க் களைத்த மனிசர் விடுகிற மாதிரியே விடும். மூக்கைப் பொத்தினால்தான் கிட்டப் போகலாம், அவ்வளவு மீன் நாற்றம். நானும் அப்பாவும் வந்த புதிதில் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது எங்கள் உடுப்பும் அப்படித்தான் மணக்கும். எனக்கு அது வெறுக்கவில்லை. பெரித்துக்கு மட்டும் பெரிய கவலை. இரண்டு விமானம் மாறி, பிறகு தும்பி மாதிரி ஒரு சின்ன விமானத்தில் குலுங்கிக்கொண்டு உலகத்தின் மறுபக்கம் வந்து பார்த்தால், அது நோர்வே மாதிரியே இருக்கிறது என்று. பிறகு நோர்வேயில் இருப்பது கொஞ்சம் கூட அழகு என்று தீர்ப்புச் சொல்லித் தன் மனதை ஆற்றிக்கொண்டாள்.

ஒரு விசயத்தில் மானத்தை வாங்கினேன். கப்பல் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்று முன்கூட்டியே ஊகித்து, பொரித்த நெத்தலியை மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி ஒரு போத்தலில் கொண்டு போயிருந்தேன். அதை மழைக்கோட்டுப் பையில் போட்டபடி கரடி பார்க்கிற கரைக்கு இறங்கப் போனேன். எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அந்தக் கரையிலே பரம்பரையாக இருக்கிற சனத்தைச் சேர்ந்த ஒரு பெண். அதிகம் கதைக்கமாட்டாள். என் கிட்ட வந்து நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். பையைக் காட்டிக் கையை நீட்டினாள். கரடி இருக்கிற ஆற்றங்கரைக்கு மீன் பொரியலோடு போக வந்தவள் அந்தக் கப்பலின் சரித்திரத்திலேயே நான் ஒருத்திதானாம். போத்தல் கப்பலிலேயே தங்கியது. நாங்கள் திரும்பி வந்தபோது அது கால்வாசிக்கு இறங்கியிருந்தது. கப்டன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார், கண்ணில் இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தநாள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

இனித்தான் கரடி. அந்தக் காட்டிலே கறுப்புக் கரடிகள் இருக்கின்றன. அவற்றில் எப்போதாவது ஒன்று வெள்ளையாகப் பிறந்துவிடும். துருவக் கரடி இல்லை. இதே கறுப்புக் கரடிதான், உடுப்பு மட்டும் வெள்ளை. அதைக் காண்பதற்காக ஆற்றங்கரையில் ஈரக் கட்டையில் இருந்து, வாய் திறக்காமல், அசையாமல், காலையிலிருந்து காத்திருக்கவேண்டும். வாய் திறக்காமல் என்பதைக் கேட்டு நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. இருந்தேன் தம்பி. பெரித்துக்குக் கரடியைவிட அதுதான் பெரிய அதிசயம். ஆற்றிலே சால்மன் மீன் கறுப்புக் கயிறு மாதிரி நெளிந்து நெளிந்து ஏறிக்கொண்டிருந்தது. நடுவிலே நல்ல ஒரு கல். அந்தக் கல்லிலே ஒரு பெரிய கறுப்பன், பெரியப்பா மாதிரி, சபை நடுவில் இருக்கிற தோரணையில் இருந்தான்.

வெள்ளை வந்தது. பெண். அப்படிச் சுத்த வெள்ளை இல்லை, தேநீர் பட்டுத் துவைத்த சேலை மாதிரி ஒரு வெள்ளை. மரங்களுக்கு இடையிலிருந்து ஆறுதலாக நடந்து வந்து நேரே அந்தக் கல்லுக்குப் போனது. கறுப்பன் ஒருமுறை உறுமினான். அவள் நின்றாள். திருப்பி உறுமவும் இல்லை, விலகவும் இல்லை. சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேறெங்கோ ஒரு அலுவல் நினைவு வந்த மாதிரி இறங்கிப் போய்விட்டான். அவளுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குட்டி. குட்டி என்று சொல்கிற வயதைத் தாண்டியது. தானே மீன் பிடிக்கக்கூடிய ஆள். ஆனாலும் கரையில் நின்று தாயைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தது, துரொண்ட்ஹெய்மிலிருந்து லீவுக்கு வந்த மாதிரி.

அவள் மீன் பிடிக்கிறதை நான் தொழில் கண்ணால் பார்த்தேன். பிடிக்கிறாள், தலையைக் கடிக்கிறாள், சினையைத் தின்கிறாள், நல்ல சதையை அப்படியே எறிகிறாள். எங்கள் மீன் தொழிற்சாலைப் போர்மன் கண்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் தவறவிடவில்லை. கறுப்பன் நாலு தரம் பாய்ந்து ஒன்று பிடித்த இடத்தில் இவள் கையை விட்டவுடன் மீன். எங்களைக் கூட்டிவந்த பெண் மெதுவாக விளக்கம் சொன்னாள், பெரித் அதை என் காதுக்குள் நோர்வேஜியனில் சொன்னாள். பகல் வெளிச்சத்திலே, தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வானமும் வெள்ளை, அவளும் வெள்ளை. அவள் நிற்பதே தெரியாது. கறுப்பு நின்றால் தெரிந்துவிடும். அதனாலே பகலில் வெள்ளைக்குத்தான் மீன் கூட.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாரும் திரும்பி என்னை முறைத்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் பாட்டுக்கு அடுத்த மீனைப் பிடித்தாள். நான் ஏன் சிரித்தேன் என்று பெரித் பின்னேரம் கேட்டாள். சொன்னேன். இந்த நாலு வருசமாக என்னை யாரும் பார்க்கவில்லை, பெரித். புருசன் இல்லாதவள் என்று எல்லாரும் எனக்கு ஊடாகவே மற்றப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்திலேதான் நான் காரோட்டப் பழகினேன், குசினிக்குப் பொறுப்பாளியானேன், இப்போது கனடாவில் நிற்கிறேன். ஒரு மீனும் என்னைக் காணவில்லை.

இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும். என்னைக் கெடுத்தது கரடியில்லை, ஒரு கேள்வி. வான்கூவருக்குத் திரும்பி வந்து விமான நிலையத்துக்கு டாக்சி எடுத்தோம். சாரதியைப் பார்த்தேன். மூக்கும் மீசையும் எங்கள் ஆள். நான் ஏதோ பிறந்ததிலிருந்து பெரித்தின் தங்கை மாதிரி நோர்வேஜியனில் பொரிந்து தள்ளினேன். பொதியைத் தூக்கி வைக்கும்போது அது காலில் விழுந்து "ஐயோ" என்றுவிட்டேன். வேறு எந்தப் பாசையிலும் மனிசருக்கு நோகாதே.

"அக்கா தமிழோ?" என்றார்.

"ஓம்."

"ஊரிலை எவடம்?"

ஏதாவது ஒரு ஊரைச் சொல்லியிருக்கலாம். உலகம் முழுக்க ஊர் இருக்கிறது. ஆனால் தம்பி, அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எங்கள் சனத்தின் நாக்கு வளையாது. கள்ளப் பாஸ்போட்டில் வந்தவனும் அந்தக் கேள்விக்கு மட்டும் உண்மை சொல்லுவான். "உரும்பிராய்" என்றேன். உரும்பிராயில் எவடம் என்றார். கோயிலடி என்றேன். எந்தக் கோயில் என்றார். அதையும் சொல்லி, யாரும் கேட்காமலே, நான் கலியாணம் முடித்துப் போன வீடு வைரவர் ஒழுங்கையில் சந்தியிலிருந்து இரண்டாவது, முன்னுக்கு மாமரம் நின்றது என்று மரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "அப்ப ஸ்காபரோவிலை இருக்கிற பெரியவர் உங்கடை மச்சானெல்லோ. போன மாசம் ஒரு சாமத்திய வீட்டிலை என்ரை பக்கத்திலை இருந்துதான் சாப்பிட்டவர்" என்றார். நான் வாய் மூடினேன். நேரம் கடந்துபோன மூடல். என்னைக் கண்டும் எவடம் என்று கேட்காத ஒரே ஆள் அந்தக் கரடிதான். நான் ஒஸ்லோவில் இறங்கித் தொலைபேசியைப் போட்டபோது பெரியம்மாவின் அழைப்பு வரிசையில் நின்றது.

இனி நீ கேட்கவேண்டிய கேள்விக்கு வருகிறேன். ஏன் டொராண்டோவுக்குப் போகவில்லை? அங்கே நான் ஏற்கனவே போயிருக்கிறேன். அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு பெரியப்பாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. உனக்குப் பரீட்சை, நீ வரவில்லை. நான் முதலே போய் நின்று பயற்றம் பணியாரமும் அரியதரமும் வீடு நிறையச் சுட்டுக் கொடுத்தேன். கலியாணத்தன்று மாப்பிள்ளை வருகிறார் என்று மண்டப வாசலில் எல்லோரும் ஆலாத்தித் தட்டோடு முன்னுக்கு நின்றார்கள். நானும் நின்றேன். என் மருமகன் வருகிறான், பார்க்கவேண்டும் என்ற ஆசைதான். பெரியம்மா கெட்ட மனிசி இல்லை, அது உனக்கும் தெரியும். என் முழங்கையை மெதுவாகப் பிடித்தா. மிக மெதுவாக.

"தங்கச்சி, முழுவியளத்துக்குக் கூடாது. கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ."

மாப்பிள்ளை முதலில் முழிக்கிற முகம் என்னுடையதாக இருக்கக்கூடாதாம். அங்காலை என்பது சோடா வைக்கிற ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். அங்கே நின்றேன். சின்னப் பிள்ளைகள் வந்து சோடா கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். ஒரு மனிசர் வெறும் கிளாசை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார், வேலைக்கு நின்றவள் என்று நினைத்து. வாங்கி வைத்தேன். மணவறையிலே தட்டில் நான் சுட்ட பணியாரம் நல்ல உச்சியாக அடுக்கியிருந்தது. பணியாரத்துக்கு முழுவியளம் பார்க்கவில்லை. கைக்குக் குற்றமில்லை, முகத்துக்குத்தான்.

இதை நான் உனக்கு அப்போது சொல்லவில்லை. அழுவதற்குச் சொல்லவேண்டிய கதையாக அது இருந்தது, எனக்கு அழுது கதை சொல்லத் தெரியாது. இப்போது அது சண்டைக்குச் சொல்லவேண்டிய கதையாகிவிட்டது, ஆகவே வசதியாக இருக்கிறது.

சொல்கிறேன் என்றேனே, கப்பலைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள். ஆரணி. செவ்வாய்க்கிழமை வேலையிடத்திலிருந்து எடுத்தாள். முதலில் தைரியமாக, எங்கள் வீட்டுக்கு வராதது எங்களைப் பிடிக்காமலோ மாமி என்று நேரே கேட்டாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நானும் நேரே சொன்னேன், ஐஸ் பெட்டியிலிருந்து ஆரம்பித்து. அவள் கரடி ஆற்றங்கரைக்கு வந்த இடம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமி, அந்த வெள்ளைக் கரடி பேந்து என்ன செய்தது?" என்று கேட்டாள். சொன்னேன். கறுப்பன் இறங்கிப் போன இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு, அவளுடைய மேலதிகாரிக்கும் கேட்டிருக்கும்.

அதோடு விடவில்லை. கலியாணத்துக்கு நான் என்ன நிறச் சேலை என்று கேட்டாள். பெரியம்மா சந்தன நிறம் அடக்கமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறா என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயோ மாமி, மணவறைக்குப் பின்னாலை முழுக்க சந்தன நிறத் திரைதான் சொல்லியிருக்கிறம். நீங்கள் அதோடை சேர்ந்து வீடியோவிலை காணாமல் போயிடுவீங்கள். நல்ல அரக்காப் பாத்து எடுங்கோ."

மணவறைக்குப் பின்னாலை! அந்தப் பிள்ளை நான் மூன்றாம் வரிசையில் இருப்பேன் என்று நினைக்கவே இல்லை, கவனித்தாயோ? மாப்பிள்ளையின் தாய் வேறெங்கே நிற்பாள் என்பது அவளுடைய எண்ணம். நீயும் நானும் பெரியப்பாவும் ஊரும் சேர்ந்து தலையைப் போட்டு உடைத்த கேள்வியை அவள் திரைச்சேலை நிறத்திலே முடித்துவிட்டாள்.

ஆகவே நானே அந்த ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். பெரியப்பா பிடித்து வைத்த அதே ஐயர்தான். தாய் தனிய மணவறையில் நிற்கலாமோ என்று கேட்டேன். அவர் கொஞ்சம் இருமினார். தாய் என்றால் தாய்தானே அம்மா, நிற்கலாம், சனம்தான் கதைக்கும், எனக்கு மண்டபத்தை இரண்டு மணிக்கு விடவேண்டும், அதற்குள் சண்டை முடிந்தால் சரி என்றார். மந்திரம் தெரிந்தவருக்கே தடையில்லை. சோடா எடுத்துக் கொடுத்தவள் நான் ஏன் பயப்படவேண்டும்?

உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது அடுத்த பொய். கோபம் இருக்கிறது. நீ கெட்டவன் என்று இல்லை. நீ எல்லாரையும் சமாளிக்கிற பிள்ளை, அப்பாவைப் போல. சமாளிப்பது நல்ல குணம்தான். ஆனால் சமாளிக்கிறவன் எப்போதும் யாரை அங்காலை தள்ளுகிறான் என்று பார். சத்தம் போடுகிறவரைத் தள்ளமாட்டான், சத்தம் போடாத ஆளைத்தான் தள்ளுவான். கலியாணத்துக்குப் பிறகு உன் வீட்டில் அந்தச் சத்தம் போடாத ஆள் ஆரணியாக இருக்கலாம். அவள் பெரியம்மாவை ஒன்றும் சொல்லமாட்டாள், என்னையும் ஒன்றும் சொல்லமாட்டாள், மெதுவாக விலகி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். நீ அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இன்னும் ஒன்று சொல்லவேண்டும், எழுத வாய் கூசுகிறது, கை கூசவில்லை. எனக்கு நடந்தது எந்த வீட்டிலும் நடக்கும். ஒரு காலத்தில் உன் பிள்ளையின் கலியாணத்தில், நீ இல்லாமல், ஆரணி தனிய வந்து நின்றால், அவளை எவடத்தில் நிற்கச் சொல்லுவார்கள்? இன்றைக்கு எனக்கு நீ ஒதுக்குகிற கதிரைதான் அன்றைக்கு அவளுக்கும். நல்லாக யோசித்துப் போடு.

பெரியப்பா நிற்கட்டும். எனக்கு ஆட்சேபணையே இல்லை. அவர் அப்பாவின் தமையன், நின்றால் சந்தோசம், நான் பக்கத்தில் நிற்பேன். அவர் நிற்காவிட்டாலும் நான் நிற்பேன். அவர் உறுமினால் நான் திருப்பி உறுமமாட்டேன், விலகவும் மாட்டேன். அது எனக்கு இப்போது பார்த்துப் பழகின வேலை. கலியாணத்துக்கு முதல்நாள் அவர் வீட்டுக்குப் போய், வரவேற்பறையில் இருந்து, கலர்ச் சோடா குடித்து, சாமத்திய வீட்டு வீடியோவைக் கடைசிவரை பார்ப்பேன், இடையில் எழும்பமாட்டேன். ஒரு போத்தல் நெத்தலியும், சட்டம் போட்ட கரடிப் படம் ஒன்றும் கொண்டு போவேன். படத்தில் பெரிதாகத் தெரிவது கல்தான், கரடியில் பின்பக்கம் மட்டும் விழுந்திருக்கிறது. அவருக்கு அது போதும். சம்பந்தி வீட்டாருக்கு நானே வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்துக் கதைப்பேன். வருத்தம் ஒன்றும் இல்லை, கரடி பார்க்க வந்தேன், கண்டேன், நல்ல கரடி என்று சொல்வேன். அதற்காக அவர்கள் கலியாணத்தைக் குழப்புகிற ஆட்கள் என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது உனக்கு நல்லது. குழப்பமாட்டார்கள். ஆரணியைப் பெற்றவர்கள் அவ்வளவு மட்டமாக இருக்க முடியாது.

சேலை எடுத்துவிட்டேன். ஒஸ்லோவுக்குக் கிட்ட, திராமனில் புதிதாகத் திறந்த தமிழ்க் கடையில். அரக்கு, தங்கக் கரை. கடைக்காரப் பிள்ளை என் நெற்றியைப் பார்த்துவிட்டு, அன்ரி, இது உங்களுக்கோ என்று இரண்டு தரம் கேட்டாள். எனக்கோ என்றால் எனக்குத்தான். மீன் பிடிக்கப் போகிற நாளில் வெள்ளை உடுக்கிறேன். இது மகனின் கலியாணம். அன்றைக்கு எல்லா மீனுக்கும் நான் தெரியவேண்டும்.

மூன்றாம் வரிசையில் எனக்கு ஒதுக்கின கதிரையை வீணாக்காதே. பெரித் வருகிறாள், அவளை அதில் இருத்து. மழைக்கோட்டோடு வருவாள், தடுக்காதே. பையில் தோடம்பழம் வைத்திருப்பாள், தாலி கட்டுகிற நேரம் உரித்தாலும் ஒன்றும் சொல்லாதே. நீ மணவறையில் இருக்கும்போது புகைக்குள்ளே யாராவது குனிந்து உன் காதில், அம்மா எவடத்திலை எண்டு கேட்பார்கள். எங்கள் சனம் கேட்காமல் விடாது. அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லாதே. ஐஸ் பெட்டிப் பக்கம் பார்க்கவும் வேண்டாம். கையை நீட்டிக் காட்டு.

முன்னுக்கு.

அம்மா